நரம்பின் வாசல்

சயான் ஸ்டேஷனில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். "டாக்டர் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னா மொதல்ல பலமே இல்ல. அழுத்த அழுத்தத்தான் பலம் வருது" என்று மூத்தவள் தன் புருஷனைப் பற்றிச் சொன்னதும், நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"பலம் வந்தா நல்லதுதானே, மைனி?" என்றாள் இளையவள். அந்தப் புருஷனின் தங்கை.

"அதை வச்சுத்தான் நோயவே கண்டுபிடிச்சாவ. நரம்பு நுனியில கால்சியம் உள்ள போக வாசல் இருக்காம். அது உள்ள போனாத்தான் நரம்பு சொல்லுதது தசைக்குக் கேக்குமாம். அந்த வாசல் அடைஞ்சு கெடக்கு. திரும்பத் திரும்ப அழுத்தினா கொஞ்சம் கொஞ்சமா உள்ள சேருது."

"அப்போ கால்சியம் மாத்திரை கொடுக்கலாம்லா?"

"கால்சியம் கொறைச்சல் இல்ல, செல்வி. வாசலை அடைச்சது ஒங்க அண்ணன் ஒடம்பேதான். நுரையீரல்ல புத்துக்கட்டி இருக்கு. அதோட சண்டை போடப் போன ஒடம்பு, ஆள் தெரியாம நரம்பையும் அடிச்சிருக்கு."

குர்லாவில் கூட்டம் ஏறி இறங்கியது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"கட்டியச் சொல்லல. இப்போ கொடுத்த மாத்திரையில காலு கொஞ்சம் தேறிட்டு. மாடிப்படி ஏறுதாவ. திங்கக்கெழம வேலைக்கு வாறேன்னு பட்டறைக்குப் போன் போட்டாச்சு. நான் எப்படிச் சொல்லுவேன்?"

விக்ரோலி நெருங்கும்போது செல்வியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

"நம்மளக் கூட்டிட்டுப் போக அண்ணன் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்திருக்கானாம். மொகத்தைத் தொடைச்சுக்கோங்க, மைனி."