தராசைத் துடைக்கிறவன்

வெறும் வயிற்றோடு நிற்கும்போது மனிதர்கள் குறைவாகத்தான் பொய் சொல்வார்கள். அதனால் நான் ஆட்களை எப்போதும் விடியற்காலை வெள்ளாப்பிலேயே சந்திப்பேன். ஒரு தேநீர் உள்ளே போய்விட்டால் எல்லாருக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடும். நேற்றுக் கலியாண வீடு, முந்தநாள் பிறந்தநாள், இந்த வயதில் இனி இதெல்லாம் என்னத்துக்கு என்று தொடங்கிவிடுவார்கள்.

பொலிஸ் பொறுப்பதிகாரி ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். தாளும் தந்தீர்கள், தேநீரும் தந்தீர்கள், நன்றி. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு உன் தொழிலிலிருந்து தொடங்கு என்றீர்கள். சொல்லும்போதே என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது எல்லாரும் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள்.

என் பெயர் நிதுர்ஷன். கல்லடிக் கடற்கரையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். ஊரில் மாஸ்டர் என்பார்கள். கட்டடம் கிடையாது. சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு பாய், இரண்டு இரும்புக் குண்டு, இழுக்கும் றப்பர் பட்டிகள், ஒரு டிஜிட்டல் தராசு. கொழும்பில் படித்து வாங்கிய சான்றிதழை உறைக்குள் போட்டு மரத்தில் கட்டிவைத்தேன். அதை வாசித்தது காகங்கள் மட்டுந்தான்.

ஆள் பிடிப்பது எப்படி என்று என் தொழில்காரர்களுக்குத் தெரியாது. துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், முதல் கிழமை இலவசம் என்பார்கள், தங்கள் புயத்தைப் படம் பிடித்து முகநூலில் போடுவார்கள். நானும் போட்டுப் பார்த்தவன்தான். என் புயத்தைப் பார்க்கிற ஒரு பெண், அந்தப் பொடியன் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துவிட்டுத் தன் பாட்டில் நடந்துபோவாள். ஆட்கள் வருவது நம் உடம்பைப் பார்த்தல்ல, தங்கள் உடம்பைப் பார்த்துத்தான். இது விளங்கிய அன்று சான்றிதழைக் கழற்றிவிட்டு 'இலவசமாக நிறை பார்க்கலாம்' என்று எழுதித் தொங்கவிட்டேன்.

அதன்பிறகு கூப்பிடவே தேவையிருக்கவில்லை. பழைய பாலத்தில் நடந்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் வருகிறவர்கள் தாங்களாகவே வந்து ஏறினார்கள். ஒருவர் இறங்கியதும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இலக்கத்தைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன், பிறகு கடலைப் பார்ப்பேன். அந்த மௌனத்தைத் தாங்க ஒருவராலும் முடியாது. 'என்ன மாஸ்டர், கூடவா?' என்று அவர்களே கேட்பார்கள். கேட்டுவிட்டால் அவர் என் ஆள்.

ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன் தராசை ஒரு துணியால் துடைப்பேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லாருக்கும் துடைக்கிறவனில் ஒரு தனி மரியாதை. தராசின் அடியில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கொஞ்சம் கூட்டிக் காட்டும், நீட்டி அழுத்தினால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். துணிக்குள் என் பெருவிரல் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தயவுசெய்து அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். முதல் நாள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவேன். பிறகு கிழமைக்குக் கிழமை அந்தக் கூட்டியதைக் குறைத்துக்கொண்டு வருவேன். உடம்பு இளைக்கக் காலம் எடுக்கும். அதுவரை பொறுத்திருக்க ஆட்களுக்கு மனமில்லை, பாதியில் விட்டுவிடுவார்கள். உடம்பு வந்து சேரும்வரை நான் கைகொடுத்தேன், அவ்வளவுதான். கடைசியில் தராசு உண்மையான நிறையைத்தான் காட்டும், பொய் தொடக்கத்தில் மட்டும். இதில் யாருக்கு என்ன நட்டம்?

சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் சுலோஜனா ஒருநாள் பாதிச் சிரிப்போடு வந்து நின்றார்.

"மாஸ்டர், மருந்துக்கடை மெசின்ல நான் ஒரு துளியும் குறையல்ல. உங்கட மெசினுக்கு மட்டும் என்னில நல்ல இரக்கம்."

"அங்க எத்தின மணிக்கு ஏறினீங்க?"

"பின்னேரம்."

"சாப்பிட்டுப்போட்டு, செருப்போட?"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "இனி ஒரு தராசில மட்டும் ஏறுங்க. ரெண்டில ஏறினா மனம்தான் குழம்பும்" என்றேன். அவர் தொடர்ந்து வந்தார். ஆனால் அன்றிலிருந்து இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் என் துணியைப் பார்ப்பார். நானும் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மங்கையற்கரசி டீச்சர் வந்தது அதற்குப் பிறகு. ஓய்வுபெற்றவர். கல்லடியில் பாதிப்பேருக்கு அவர்தான் அரிவரி சொல்லிக்கொடுத்தவர். அப்படி ஒருவர் நம்மிடம் வந்தால் வேறு விளம்பரம் வேண்டியதில்லை. அவர் எங்கே போகிறாரோ அங்கே கூடப் படிப்பித்த ஆசிரியைகள் எல்லாரும் வருவார்கள். நெஞ்சு வருத்தத்தால் ஆஸ்பத்திரியில் கிடந்து, மெல்ல நடக்கலாம் என்று டொக்டர் சொன்னபின் வந்திருந்தார். கொக்கட்டிச்சோலைத் தேரில் இந்த வருடமாவது வடம் பிடிக்க வேண்டும், அதுவரைக்கும் காலில் பெலன் வந்தால் போதும் என்றார். எனக்கு அவரில் உண்மையாகவே விருப்பம். என்னை மகனைப்போல மனே என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய கணவர் கந்தப்போடி கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிறவர். இதை டீச்சர் சொன்ன உடனே நான் தராசைச் சரியான நிறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். காரணம் இருக்கிறது. என் அப்பா அந்த வயல் வட்டைகளில் நெல் வாங்கித் திரிந்த யாவாரி. வயல்காரர்கள் முதல் மூட்டை ஏற்றுவதற்கு முன் தராசைச் சோதிப்பார்கள். நிறை தெரிந்த ஒரு மூட்டையை வைத்துப் பார்ப்பார்கள். சரியென்றால் பிறகு தராசின் பக்கம் போகமாட்டார்கள். நடுவில் மறுபடி சோதித்தால் யாவாரியைக் கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அப்பா எங்களை வளர்த்தது அந்த மரியாதையை வைத்துத்தான்.

நான் நினைத்தபடியே நடந்தது. கந்தப்போடி வந்த முதல் நாள், டீச்சரை ஏறவிடாமல் தான் முதலில் ஏறினார். அதற்கு முந்திய நாளே நெல் ஆலைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"சரி. மில்லுத் தராசும் இதும் ஒண்டுதான். நீ ஏறு புள்ள" என்றார்.

அதோடு அவருடைய சோதனை முடிந்தது. ஆனால் டீச்சரின் தொடக்கம் உண்மையான நிறையாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு மேலிருந்து உண்மைக்கு இறங்கி வந்த நான், அவருக்கு மட்டும் உண்மையிலிருந்து கீழே போக வேண்டியதாயிற்று. கந்தப்போடி அன்று சந்தேகப்படாமல் இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றே டீச்சர் தன் வருத்தத்தைச் சொன்னார். "நெஞ்சில பெலன் இல்லாம உடம்பில தண்ணி சேர்ற வருத்தம் மனே. ஒவ்வொரு நாளும் வெள்ளாப்பில பாரம் பாக்கட்டாம். ஒரு கிழமைக்குள்ள ரெண்டு கிலோ கூடினா, கிளினிக் நாள் பாத்துக்கிட்டு இரிக்காம ஓடி வரட்டாம். வீட்டயும் ஒரு பழைய மெசின் கிடக்கு. அதிலயும் பாக்கவா?"

"அதைத் தூக்கிப் பரண்ல வைங்க டீச்சர். இனி என்ர தராசுதான் உங்கட டொக்டர்" என்றேன். அவர் சிரித்தார், கந்தப்போடியும் சிரித்தார்.

தொடக்கத்தில் அவர் உண்மையாகவே கொஞ்சம் இளைத்தார். நான் அதைவிட இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டினேன். டீச்சர் குறைகிறா என்ற கதை ஊரெல்லாம் போனது. ஆசிரியைகள் இருவர் மூவராக வந்து பாயைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். அவர்களையெல்லாம் ஒரேயடியாகச் சேர்த்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். அன்று டீச்சர் எல்லாருக்கும் முன்னால் தராசில் ஏறுவார், பக்கத்தில் அவருடைய பழைய படம் இருக்கும். அவ்வளவு போதும்.

அந்த ஞாயிறு நெருங்கும்போதுதான் அவருடைய நிறை ஏறத் தொடங்கியது. துணிக்குள் எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், ஆகவே உண்மையான நிறையும் எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு சிறு பெருமைகூட இருந்தது. டொக்டர் சொன்ன ரெண்டு கிலோவை அது தாண்டியபோதும் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை டீச்சருக்குக் குனிய முடியவில்லை. நான் உட்கார்ந்து அவருடைய சப்பாத்து நூலைக் கட்டிவிட்டேன். கணுக்காலில் என் விரல் பட்ட இடம் பள்ளமாகப் பதிந்தது. மாவில் அமுக்கினதுபோல அது அப்படியே நின்று, மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது. அது என்னவென்று எனக்குக் கொழும்பில் படிப்பித்திருந்தார்கள்.

"மனே, ராவில படுக்க ஏலாம இரிக்கு. தலகாணியை அடுக்கி வெச்சும் மூச்சு முட்டுது. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரவா?"

போயிருந்தால் வார்டில் மறித்துவைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பாய் வெறுமையாகக் கிடந்திருக்கும். மாஸ்டரிடம் போன டீச்சர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறா என்ற ஒரு வசனம் போதும், பிறகு கல்லடியில் எனக்கு வேலையில்லை.

"தராசைக் கேப்பம் டீச்சர்" என்றேன். துணியை எடுத்துத் துடைத்தேன்.

அவர் ஏறினார். இலக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "குறைஞ்சிதானே இரிக்கு. அப்ப இது வயசுதான் மனே. நான்தான் சும்மா பயந்திட்டன்."

கந்தப்போடி அவருடைய காலைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத்தான் கூட நேரம் பார்த்தார்.

"காலு வீங்கினாப்போல இரிக்கே தம்பி."

"நடக்கத் தொடங்கினா அப்பிடித்தான் ஐயா. மெசின் பொய் சொல்லாதுதானே."

அவர் தராசை நோக்கி ஓர் அடி வைத்தார். பிறகு நின்றுவிட்டார். நிற்பார் என்று எனக்குத் தெரியும். முதல் மூட்டைக்குப் பிறகு சோதிக்கிற ஆள் அவரில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்தது. டீச்சர் நீலச் சேலை உடுத்து, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினார். எல்லாரும் கைதட்டினார்கள், சுலோஜனாவைத் தவிர. அவர் டீச்சரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், உதடு கொஞ்சம் கருநீலமாகத்தான் இருந்தது. டீச்சர் இறங்கி உடனே கதிரையில் உட்கார்ந்து, "இனி வடம் புடிக்கலாம் மனே" என்றார். அன்று எனக்குக் கிடைத்த தொலைபேசி இலக்கங்கள் அதுவரை கிடைத்த எல்லாவற்றையும்விட அதிகம்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். படுக்க முடியாததால் அதில்தான் நித்திரை கொண்டாராம். செத்த வீட்டில் நான் அழுதேன். நடிப்பில்லை, விசாரித்துப் பாருங்கள். மரியாதைக்காக எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை தராசை வெளியே எடுக்கவில்லை. பெட்டிக்குள் அது டீச்சருக்காகக் கடைசியாக அழுத்திவைத்தபடியே இருந்தது. அந்த மரியாதைதான் என்னை மாட்டிவிட்டது.

எட்டு முடிந்த அடுத்த நாள் வெள்ளாப்பில் கந்தப்போடி ஓட்டோவில் வந்தார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள் பாயைச் சுற்றி நின்றார்கள், சுலோஜனாவும் நின்றார். கந்தப்போடி ஓட்டோவிலிருந்து ஓர் அரிசி மூட்டையைத் தானே இறக்கித் தோளில் சுமந்து வந்தார். ஆலையில் தைத்த தையல் பிரிக்காத மூட்டை, நிறை வெளியிலேயே அச்சடித்திருந்தது.

"தம்பி, ஒருக்கா இத நிறுத்துப் பாப்பம்."

நான் தராசை எடுத்து வைத்தேன். பழக்கத்தில் கை துணியைத் தேடிப் போனது.

"துணி வேணாம்" என்றார்.

மூட்டையைத் தானே வைத்தார். இலக்கம் வந்தது. மூட்டையில் எழுதியிருந்ததைவிட அது எவ்வளவு குறைவு என்று எல்லாரும் பார்த்தார்கள். டீச்சருக்குள் சேர்ந்த தண்ணீரும் ஏறக்குறைய அவ்வளவுதான். கந்தப்போடி கத்தவில்லை, என்னைத் தொடவுமில்லை. சவுக்கு மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "நெல்லுக்கெண்டா நான் நடுவிலயும் பாத்திரிப்பன்" என்றார். பிறகு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் ஏறிப் போனார். வயல்காரர் ஒருவர் அரிசியை மண்ணில் விட்டுவிட்டுப் போனதை அன்றுதான் கண்டேன்.

இனி நீங்கள் கேட்டது. பொத்தானை அழுத்தியது நான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாளும் அழுத்தினேன். தண்ணீர் சேருகிறது என்று தெரிந்துதான் அழுத்தினேன். வியாழக்கிழமை போகவிட்டிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் தூண்டவில்லை.

கையொப்பம் இடுவதற்கு முன் ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் ஆள் என்னைப் பற்றி எழுதும்போது ஏமாற்றுக்காரன் என்று எழுதியிருக்கிறார். மேசையில் கிடந்தது, கண்ணில் பட்டது. அது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. கல்லடியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் நிறை கூடியவர் ஒருவர்கூட இல்லை.