ஜின்னியின் வயது

— அந்தச் சேணத்தை அப்படியே வெச்சுட்டு இப்படிக் கிட்ட வந்து உக்காரு, ஹெட்டி. உனக்கு ஒரு கதை சொல்லணும். பன்னெண்டு வருஷமா நான் யாருக்குமே சொல்லாத கதை.

— கதை கேக்குற நேரமா இது? விடிஞ்சா அணிவகுப்பு. ஆல்ஃபோட பூட்ஸுக்கு இன்னும் பாலிஷ் போடலை. செத்த வீரனுக்கு மரியாதைன்னு நாளைக்கு அது ஆளில்லாத குதிரையோட அங்கவடியில பின்பக்கமாத் திரும்பித் தொங்கும், ஊரே பாக்கும். மங்கலா இருந்தா அவன் பொண்டாட்டி என்னைத்தான் சொல்லுவாங்க. நீ பேசு கிளாரி, என் கை பாட்டுக்கு வேலை பாக்கும்.

— நாளைக்குக் குதிரையை நான் பிடிச்சுக்கிட்டு நடக்க மாட்டேன்.

— அப்புறம் யாரு நடப்பாங்க, மேயரா? அந்த ஆளுக்கு ஒரு ஆட்டைப் பிடிக்கவே ரெண்டு பேரு வேணும். போர்லேர்ந்து வந்த நாளா நீதானே பிடிக்கிறே?

— சிரிக்காதே ஹெட்டி. இதைப் பாரு, கெய்ரோலேர்ந்து கடிதம். நம்ம படைவீரர் சங்கத்துக்கு வந்திருக்கு. நாளைக்கு நினைவுத் தூண் கிட்ட தலைவர் இதை ஊருக்கே படிச்சுக் காட்டப் போறாராம். அதுக்கு முன்னாடி நீ என் வாயால கேட்டுடணும்.

— கெய்ரோல நமக்கு யாரு இருக்கா?

— ஜின்னி இருந்தா.

— எந்த ஜின்னி?

— ஆல்ஃபோட குதிரை, ஹெட்டி...

— கிளாரி, ஜின்னியை நீ சுட்டே. சுட்டுட்டேன்னு எழுதினே. அவ வால் மயிரைப் பின்னிக் கொண்டுவந்து என் கையில குடுத்தே. இதே சமையல்கட்டுல, தொப்பியை நெஞ்சுல வெச்சுக்கிட்டு, அதுல செருகின ஈமு இறகு உன் மூக்குல உரச உரச நின்னே. நீ அழறியா, தும்மறியான்னு எனக்குத் தெரியலை.

— ரெண்டும்தான். மயிரு அவளோடதுதான். அது பொய்யில்லை. மத்ததெல்லாம் பொய்.

— சொல்லு.

— உனக்குத் தெரியும், போர் முடிஞ்சதும் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு குதிரையும் கப்பல் ஏறக் கூடாதுன்னு உத்தரவு. மனுஷனுக்கு மட்டும்தான் இடம். கால்நடை டாக்டர் ஒவ்வொண்ணா வாயைத் திறந்து பல்லைப் பாப்பார். பன்னெண்டு வயசு தாண்டினா ஆலிவ் தோப்புக்கு, சுடறதுக்கு. தாண்டலைன்னா வேற பட்டாளத்துக்கு.

— ஜின்னிக்குப் பதிமூணு. அவ பொறந்தப்போ ஆல்ஃபோட அப்பா சுவத்துல கோடு போட்டு வெச்சாரே.

— ஆமா, பதிமூணு. தோப்புக்குத்தான் போகணும். நானும் அதுக்குத் தயாராத்தான் இருந்தேன், பாரு. ஆல்ஃபோட கடைசி ஆசை அதுன்னு நீ எழுதியிருந்தியே, 'யார் கையிலயும் சிக்காம, நீயே சுட்டுடு'ன்னு. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சிருந்தேன். முதல் நாள் மூணு குதிரையைத் தோப்புக்குக் கொண்டுபோனேன். வாய்ப்பையில கொள்ளுப் போட்டு மாட்டிடுவோம். அது தின்னுக்கிட்டு இருக்கும்போதே... தலையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. மூணையும் கை நடுங்காமச் செஞ்சேன்.

— நாலாவது?

— நாலாவது ஜின்னி. முந்தின சாயங்காலம் அவ வந்து என் தொப்பியைக் கவ்வி இழுத்தா. பீர்ஷீபா சண்டையில ஆல்ஃப் செத்து விழுந்தப்புறம், காலிச் சேணத்தோட தானா வரிசைக்குத் திரும்பி வந்து என் பக்கத்துல நின்னவ ஹெட்டி அவ. லாடக்காரன் கிட்ட அரம் வாங்கினேன். அவ பல்லை ராவினேன். பல்லுல இளங்குதிரைக்கு இருக்கற மாதிரிக் குழி எடுத்து, கம்பியைக் காய்ச்சிக் கருப்பாக்கினேன். சின்ன வயசுல சந்தையில ஏமாத்துக்காரங்க செய்யறதைப் பாத்திருக்கேன். அவ கால் மாத்தக்கூட இல்லை, பாரு. நான் செஞ்சா நல்லதுக்குத்தான் செய்வேன்னு நின்னா.

— டாக்டர் கண்டுபிடிக்கலையா?

— ஆயிரம் வாயைப் பாத்தவர். அவளுக்கும் 'ஒன்பது'ன்னு எழுதிட்டார். ஜின்னி பிழைச்சுட்டான்னு அன்னிக்கு நான் ராஜா மாதிரித் தூங்கினேன்.

— அப்புறம்?

— அந்தப் பட்டாளம் ரெண்டே வருஷத்துல ஏலத்துல வித்துடுச்சாம், கடிதத்துல இருக்கு. கெய்ரோல கல்லு வண்டிக்கு.

— கல்லு வண்டிக்கா?

— ஆமா.

— எத்தனை வருஷம், கிளாரன்ஸ்?

— இப்படி முழுப் பேரு சொல்லாதே.

— எத்தனை வருஷம்னு கேட்டேன்.

— பத்து. போன சனவரி வரைக்கும்.

— கடவுளே! அந்த வெயில்ல, அந்தக் கிழட்டு முதுகுல... நான் பாலிஷ் போட்டுப் போட்டு ஊர்வலம் விட்டுக்கிட்டு இருக்கேன், அவ அங்க கல்லு இழுத்துக்கிட்டு இருந்தாளா? ஒரு தோட்டா, கிளாரன்ஸ்! ஒரே ஒரு தோட்டா. அதுக்கு உனக்குக் கை வரலை!

— திட்டு. இன்னும் திட்டு. அதுக்குத்தான் வந்தேன்.

— அவதான்னு எப்படித் தெரியும்? ஊர்ல எத்தனை குதிரை!

— சூட்டுக்குறி. கடிதத்துல வரைஞ்சே காட்டியிருக்காங்க. இடது தோள்ல அரைவட்டத்துக்குள்ள சாவி. உங்க பண்ணையைத் தவிர அந்தக் குறி யாருக்கு இருக்கு?

— படி. அந்தக் கடிதத்தைப் படி.

— வேண்டாம் ஹெட்டி. நான் சொன்னதே போதும்.

— நாளைக்கு மேயர் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேக்கணுமா நான்? படி.

— 'போருக்கு வந்த கிழட்டுக் குதிரைகளைத் தேடி வாங்கி, அவற்றின் கடைசி நாட்களை நிழலில் கழிக்கச் செய்கிறோம். இந்தப் பெண் குதிரைக்கு ஒரு கண் இல்லை. முதல் இரண்டு இரவும் வைக்கோலில் படுக்க அவளுக்குத் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் படுத்தாள். ஆஸ்திரேலியர் ஒருவர் பார்க்க வந்து பேசியபோது, அவர் பேச்சு வந்த பக்கம் காதைத் திருப்பினாள். ஐந்தாம் நாள் தவிடு தின்றுகொண்டிருந்தபோது, அவள் அறியாமல் முடித்துவைத்தோம். அவளுக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவள் தனியாகப் போகவில்லை என்று சொல்லுங்கள்.' மத்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

— காதைத் திருப்பினாளா?

— அப்படித்தான் எழுதியிருக்கு.

— அந்தப் பாலிஷ் துணியை இப்படிக் குடு.

— துணி இருக்கட்டும் ஹெட்டி. நீ திட்டாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு நம்ம சங்கத்து மிக் கிட்டக் குதிரையைக் குடுத்துடு. செத்தவன் கேட்ட ஒரே ஒரு காரியம், அதைச் செய்யாதவன் அவன் பூட்ஸ் பக்கத்துல எந்த மூஞ்சியோட நடப்பேன்? என் பொண்டாட்டி டாட் கிட்டயும் இதை மட்டும் சொல்லிட்டு வந்தேன். 'ஹெட்டி இனிமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா, தயாரா இரு'ன்னு.

— கிளாரி, ஆல்ஃபோட கடைசிக் கடிதம் எப்போ வந்துச்சு தெரியுமா? அவன் செத்த சேதி வந்து ஆறு வாரம் கழிச்சு. நாலு பக்கம். மூணே முக்கால் பக்கமும் ஜின்னிதான். ஜின்னி ரெண்டு நாள் தண்ணியில்லாம நடந்தா, ஜின்னி முனகவே இல்லை, ஜின்னி என் தோள்ல மூஞ்சியை வெச்சுத் தூங்கினா. கடைசியில எனக்கு ஒரு வரி. 'கோழிக்கூண்டுக் கதவைச் சரி பண்ணிட்டியா?'ன்னு.

— அவனுக்கு எழுத வராது ஹெட்டி.

— அவளைப் பத்தி எழுத வந்துச்சே! எனக்கு அப்போ இருபத்தி நாலு வயசு. அவனைக் கடைசியா முதுகுல சுமந்தவ அவ. அவன் மண்ணுக்குள்ள போயிட்டான், அவ மட்டும் எங்கேயோ புல்லு மேயப் போறாளான்னு இருந்துச்சு. அந்தக் கடிதத்தை அடுப்புல போட்டேன். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள உனக்கு எழுத உக்காந்தேன். அன்னிலேர்ந்து அவளைக் கொன்னவ நான்தான்னு நினைச்சுக்கிட்டே அந்தப் பூட்ஸைத் தேய்க்கறேன்.

— ஏன் அடுப்புல போட்டே? அதுல அப்படி என்னதான் எழுதியிருந்தான்?

— 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஜின்னியைச் சுட விடாதே, பொய் சொல்லியாவது காப்பாத்தச் சொல்லிக் கிளாரிக்கு எழுது'ன்னு. அவன் ஆசையை மாத்தி எழுதினவ நான், அந்த ஆசை காதுல விழாமலே அதைச் செஞ்சவன் நீ. நாளைக்கு நீதான்டா குதிரையைப் பிடிக்கணும். நீயும் டாட்டும் உன் பொண்ணுங்களும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும்.