ஆறாம் வகுப்புக்கு ஆறு காட்டிய சௌந்திரம் டீச்சருக்கு

அன்பால் அணைத்து அறிவால் உயர்த்திய அருமை ஆசிரியையே, முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே குரலில் பாடம் சொன்ன முத்தான மூத்தவரே, ஆறாம் வகுப்புக்கு ஆறு காட்டிய ஆற்றலே, எங்கள் சௌந்திரம் டீச்சரே, வணக்கம்.

இந்த வரிசையில் இன்னும் ஓர் அடைமொழி இருந்தது. ‘கடல் கண்ட காவிரியே’ என்று எழுதி, மோனை தானாக வந்து அமர்ந்த மகிழ்ச்சியில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தும் பார்த்துவிட்டு, அடித்துவிட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் சேர்ந்து இந்தப் பணிநிறைவு மடலை எழுதும் பொறுப்பைத் தமிழாசிரியன் என்பதால் என் தலையில் கட்டியபோது, நீங்கள் கதவோரம் நின்று ஒன்றே ஒன்று சொன்னீர்கள். “எழுதுங்க ஐயா, வேண்டாங்கல. பொய் மட்டும் ஒன்னும் வேண்டாமுங்க.” பாராட்டு மடல் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கடுமையான நிபந்தனையை யாரும் விதித்திருக்க மாட்டார்கள்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் பணி தொடங்கி, அங்கிருந்த பிள்ளைகள் உங்கள் ‘ஏனுங்க’வைக் கேட்டுச் சிரித்ததையும் ரசித்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் எட்டாண்டு இருந்து, பரமத்தி வேலூர்ப் பக்கத்து நம் பள்ளிக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தினீர்கள். தாமதமாக வந்த நாள் இல்லை என்று எழுத நினைத்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் நான்கு நாள் இருக்கிறது. ஆகவே நான்கு நாள் தவிர என்று எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புச் சுவரில் துணி ஒட்டிய தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தொங்குகிறது. பத்தொன்பது ஆண்டுகளாக மூங்கில் குச்சியை மேட்டூரில் வைத்து, நம் ஊர் வழியாக இழுத்து, திருச்சி, தஞ்சை தாண்டி, “இங்கதான் சாமி, காவிரி கடல்ல சேருது” என்று நீங்கள் தட்டித் தட்டிக் காட்டியதில், பூம்புகார் இருந்த இடம் தேய்ந்து, கிழிந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கடந்த காலாண்டுத் தேர்வு வரை.

அந்தத் தேர்வில், காவிரி எங்கே கலக்கிறது என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்பு யுவஸ்ரீ, ‘காவிரி ஓட்டையில் கலக்கிறது’ என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். விடைத்தாள் ஆசிரியர் அறையைச் சுற்றி வந்தது. நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, “தப்புன்னு போட மனசு வரலீங்க. நான் காட்டுனதைத்தான எழுதியிருக்குது? நானும் அந்தக் கடலப் பாத்ததில்ல” என்றீர்கள். அரை மதிப்பெண் போட்டீர்கள்.

அதன்பின் நடந்தவற்றை நாங்கள் முதலில் நம்பவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, உங்கள் மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்ட மஞ்சள் நிற ஒற்றையாள் கயாக் படகு ஒன்று இருந்தது. அதன் மேல்தான் நீங்கள் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். வடகத்தை எடுத்துவிட்டுக் கயாக்கை ஆற்றில் இறக்கினீர்கள். ஐம்பத்தொன்பது வயதில், சனிக்கிழமை தோறும், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு துடுப்புப் பிடித்துப் பழகினீர்கள். வட்டமான பரிசலை மட்டுமே பார்த்திருந்த நம் பிள்ளைகள் அதற்கு நீட்டுப் பரிசல் என்று பெயர் வைத்தார்கள். கயாக் என்பதைவிட அதுவே நல்ல தமிழ் என்பது என் தாழ்மையான கருத்து.

அனுமதிக் கடிதங்களுக்கு அலைந்து முடித்து, அரையாண்டு விடுமுறையின் முதல் நாள் நம் ஊர்ப் படித்துறையில் கிளம்பினீர்கள். ஒன்பதே நாளில் கடல் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தீர்கள். கரையோரச் சாலையில் உங்கள் கணவர் வேலுசாமி ஐயா டி.வி.எஸ். வண்டியில் சோற்று வாளியோடு ஊர்ந்து வந்து, ஒவ்வொரு படித்துறையிலும் காத்திருந்தார். பிள்ளைகளைப் பாராட்டுகிற அளவுக்கு நாம் ஒருவரையொருவர் பாராட்டுவதில்லை. ஐயா அவர்களே, இந்த விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் இந்த மடலில் பாதி சொந்தம்.

மாலை தோறும் ஆறாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு உங்கள் குரல் வந்தது. “மோகனூர் தாண்டிட்டேன் சாமிகளா. வாழைமரமெல்லாம் ஆத்துக்குள்ள எட்டி எட்டிப் பாக்குது.” “மாயனூர் கதவணைக்கு வந்துட்டேன். இத்தன நாளும் படகு என்னையத் தூக்குச்சு, இன்னிக்கி நானும் உங்க ஐயாவும் படகத் தூக்குனோம்.” முசிறிப் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே லாரி போனால் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்கள். லாரி ஓட்டுநர் மகன் தர்ஷன் உடனே, “அது எங்கப்பா லாரியா இருக்குமுங்களா டீச்சர்?” என்று கேட்டான். “இருக்கலாம் சாமி. ஆரன் சத்தம் கேட்டுச்சு” என்று பதில் வந்தது. அவன் அதை எத்தனை முறை போட்டுக் கேட்டான் என்பதை அவன் அம்மா வந்து சொன்னார்.

ஏழாம் நாள் கல்லணையிலிருந்து குரல் வந்தது. எட்டாம் நாள் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை.

இங்கேதான் என் குற்றம் வருகிறது. கல்லணை வந்தாயிற்று என்றால் கடல் வந்தாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புவியியல் அவ்வளவுதான். பரமத்தி வேலூர் பஸ் நிலையத்துக் கடைக்குப் போய், ‘கடல் கண்ட காவிரியே வருக’ என்று பத்தடிக்கு ஃபிளெக்ஸ் அடித்து, பள்ளி வாசலில் கட்டிவிட்டேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில் நீங்கள் ஒரு கையால் மற்றொரு தோளைத் தாங்கிக்கொண்டு வந்து, அதற்குக் கீழே நின்று முழுவதும் படித்தீர்கள். திருவையாற்றோடு நிறுத்திவிட்டதாகவும், கடலுக்கு இன்னும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இருந்ததாகவும் மெதுவாகச் சொன்னீர்கள்.

நானூறு பிள்ளைகள் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கிறார்கள். மாலை வாங்கியாயிற்று. “போனது போச்சுங்க டீச்சர். பாத்துட்டேன்னே சொல்லிருங்க. யாரு வந்து அளக்கப் போறாங்க?” என்று நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டியிருக்கும் என்று மட்டும் யோசித்தேன். பொய்யைச் சொல்லியிருந்தால் அந்த வரைபடத்தை யுவஸ்ரீ முன்னால் மறுபடி எப்படித் தொட்டிருப்பீர்கள் என்று யோசிக்கவில்லை.

நீங்கள் மாலையை வாங்கவில்லை, மைக்கை வாங்கினீர்கள். “சாமிகளா, வாசல்ல எழுதியிருக்கறது நெசமில்ல. நான் கடலப் பாக்கல. திருவையாத்துல நின்னுட்டேன். தோளு தூக்க முடியல, அழுதுட்டேன். உங்க ஐயா, போதும் புள்ள, ஊட்டுக்குப் போலாம்னு கூட்டிட்டு வந்துட்டாரு. ரண்டு நாளா உங்ககிட்டப் பேசாதது, எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான்.”

மூன்றாம் வரிசையிலிருந்து யுவஸ்ரீ கை தூக்கினாள். “அப்ப அந்த ஓட்டைக்குள்ள என்னதானுங்க இருக்குது டீச்சர்?”

“தெரியல சாமி. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அன்றைய முதல் இரண்டு பாடவேளைகளிலும் ஆறாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. முதலை கடித்ததா என்று ஒருவன் கேட்க, “கடிச்சிருந்தா இங்க நின்னு உங்கூடப் பேசிட்டு இருப்பனா?” என்றீர்கள். கல்லணைக்குக் கீழே ஆறு சின்னதாகிவிடுவதையும், ஆகாயத்தாமரையில் துடுப்பு சிக்கியதையும், எங்கே பயந்தீர்கள், எங்கே பாடினீர்கள் என்பதையும் சொன்னீர்கள். சன்னல் ஓரம் நின்று கேட்டவர்களில் நம் தலைமையாசிரியை சத்யபிரியா அம்மாவும் உண்டு, அடியேனும் உண்டு. கடலைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் அந்தக் கதையை நாங்கள் இவ்வளவு நெருங்கி நின்று கேட்டிருக்க மாட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

கயாக் இன்னும் திருவையாற்றில் ஒரு வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஏன் எடுத்துவரவில்லை என்று கேட்டோம். “எடுத்துட்டு வந்துட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிருமுங்க” என்றீர்கள். தோளுக்குப் பயிற்சி செய்கிறீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து அது கீழே வந்து சேர்ந்ததும் கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் இந்தப் பள்ளியின் ஆசிரியை இல்லை. உங்கள் பிள்ளைகளோ ஏழாம் வகுப்பில் இருப்பார்கள், காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓய்வு பெறுகிறவருக்கு மோதிரம் போடுவது நம் பள்ளி வழக்கம். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். புதிய வரைபடம் பீரோவில் வந்து கிடப்பதால், பழையதையாவது உங்களுக்குத் தரலாம் என்று நேற்று அதைக் கழற்றப் போனோம். ஆறாம் வகுப்பு விடவில்லை. திருப்பிப் பார்த்தால், ஓட்டைக்குப் பின்புறம் பிள்ளைகள் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. “நீலம் தீட்டிரலாமா?” என்று கேட்டேன். “வேண்டாமுங்க ஐயா. என்ன நெறமுன்னு டீச்சர் பாத்துட்டு வந்து தீட்டட்டுமுங்க” என்றாள் யுவஸ்ரீ.

ஆகவே, அம்மா, உங்களுக்குத் தருவதற்கு எங்களிடம் இந்த மடல் தவிர வேறொன்றும் இல்லை. தோள் வலி தீர்ந்து, துடுப்பு இலகுவாகி, வேலுசாமி ஐயாவின் வண்டி பஞ்சராகாமல் பக்கத்திலேயே வர, கடல் வரைக்கும் போய், கடலோடு நின்றுவிடாமல் ஊர் திரும்பி, இன்னும் நெடுங்காலம் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் கடல் பார்த்துத் திரும்பிய பிறகு வரும் முதல் திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பத்து நிமிடம் உங்களுடையது என்று தலைமையாசிரியை எழுதி வைத்திருக்கிறார். வரைபடம் சுவரிலேயே இருக்கிறது. பக்கத்து ஆணியில் கலர்ப் பென்சில் பெட்டியைப் பிள்ளைகள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், எல்லா நிறங்களும் அதில் இருக்கின்றன.

என்றும் உங்கள் அன்பை மறவாத
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலக, சத்துணவுப் பணியாளர்கள்

எழுதியவன்: ஃபிளெக்ஸைத் தன் கையாலேயே அவிழ்த்த தமிழாசிரியன் குணசீலன்