கங்காணி படத்துக்கு மாலை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே, பட்டுப்புடவையில் ஓர் அம்மா கணவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் கங்காணிங்களப் பத்திப் பேசாதீங்க. நம்ம சம்பந்தி டத்தோதான் உங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறாரு. அவரு தாத்தா கங்காணி. நம்ம மக அந்த வீட்டுக்குத்தான் மருமகளா போறா.”

“யுனிவர்சிட்டில காலம் பூரா அதத்தானே பாடமா நடத்துனேன்? தமிழ்நாட்டுலேருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கட்டிட்டு வந்து, தலைக்குக் கமிஷன் வாங்குன கதை.”

“தெரியும்லா. இன்னிக்கு வேணாம்.”

“நான் பேசல. ஆனா காலையில டத்தோ போன் பண்ணாரு. மேடையில அவரு தாத்தா படத்த வைக்கிறாராம். நான்தான் மாலை போடணுமாம்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி வேகம் குறைந்தபோது கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க தாத்தாவும் ஒரு கங்காணி அப்படிக் கட்டிட்டு வந்த கூலிதான். எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்.”