வெயிலில் வரும் பேய்

சான்டா கிளாராவில், நூலகத்துக்குப் பழைய புத்தகங்களைக் கொடுக்கும் வரிசை. என் கையில் நேர மேலாண்மை பற்றி மூன்று புத்தகங்கள். படிக்க நேரம் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் ஐம்பது வயதுத் தம்பதி, ஒரு பெட்டியோடு.

"ஏங்க, இந்த ஆஸ்திரேலியா பேய்க்கதை புக்கையுமா போட்டீங்க? நல்ல பேய்ங்க. மத்தியான வெயில்லதான் வரும்."

"அட்டையே கிழிஞ்சிடுச்சு. புது அபார்ட்மென்ட்ல இடமில்ல."

"பெர்த்ல இருந்தப்ப டெய்லி ஒரு கதை படிச்சுக் காட்டுவீங்க."

"மறுநாள் நீ பயமா இருக்குன்னு ஆபீசுக்கு போன் பண்ணுவே. நானும் அஞ்சு மணிக்கே ஓடி வருவேன்."

"எங்க ஊர் முனியே உச்சி வெயில்லதான் வரும். எனக்கென்ன பயம்? நீங்க சீக்கிரம் வரணும்னுதான் சொன்னேன்."

கணவர் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"கடைசிக் கதை மட்டும் படிக்கல. புக்கைக் காணோம்னு சொன்னியே."

"நான்தான் அரிசி டப்பால ஒளிச்சு வெச்சேன். முடிச்சுட்டா மறுபடி லேட்டா வர ஆரம்பிச்சிடுவீங்க."

வரிசை நகர்ந்தது. மேசையில் இருந்த நூலகப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். பேய்ப் புத்தகம் மட்டும் அவர் கக்கத்தில் இருந்தது.

"நாளைக்கு அஞ்சு மணிக்கே வந்துடறேன்," என்றார்.