தாமதமாக வெடித்த குண்டு

"ப்ளேன்! குழிக்கு ஓடு, ராஜம்!"

அம்மாவின் குரல். ஓடுகிறேன். எனக்குப் பத்து வயது. தலைக்கு மேலே கனத்த உறுமல். மூங்கில் காடு நடுங்குகிறது. குழியில் குப்புற விழுகிறேன். அம்மா என்மேல் விழுகிறாள். அவள் மார்போடு தம்பி சின்னான். குண்டுகள். காதுக்குள் ஒரே ரீங்காரம். வாயெல்லாம் மண்.

பிறகு அமைதி. மூவரும் உயிரோடிருந்தோம்.

சயாம் காடு அது, இப்போதைய தாய்லாந்து. மலேயாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து ரயில்பாதை போட ஜப்பானியர் எங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பா இந்தக் குண்டுவீச்சுக்கு முன்பே காலராவில் போய்விட்டார். குண்டுகள் விழுந்ததில் தண்டவாளம் பெயர்ந்து கிடந்தது. சிப்பாய்கள் கம்போடு வந்தார்கள். உடனே சரிசெய்ய வேண்டும். அம்மா சின்னானை இடுப்பில் வைத்துக்கொண்டே மண் கூடையைத் தூக்கினாள். நான் தூரத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தேன்.

வானத்தில் ஒன்றுமில்லை. பாதை வெடித்தது.

புகை அடங்கியதும் சிப்பாய்கள் மறுபடி கத்தினார்கள். அந்தப் பள்ளத்தை மூடச் சொன்னார்கள். நானும் மண் கொட்டினேன். இருட்டுமுன் அதன்மேல் ரயில் போனது.

இப்போது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகள் கவிதாவோடு இருக்கிறேன். தொண்ணூறு தாண்டிவிட்டது. போன மாதம் நூலகத்தில் ஒரு கூட்டம். மலேயா பக்கத்துச் சண்டையைப் பற்றியாம் என்று கவிதா கூட்டிப்போனாள். ஒருவர் தன் தாத்தா பறந்த குண்டுவீச்சுப் படைப்பிரிவைப் பற்றிப் பேசினார். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா. பல நாட்டுக்காரர்கள் ஒரே விமானத்தில். திரையில் சயாம் ரயில்பாதை. அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். கைதட்டினார்கள்.

"என்ன சொல்றார்?"

"சில பாம் லேட்டா வெடிக்கிற மாதிரி செட் பண்ணுவாங்களாம்மா. ரிப்பேர் பண்ண வர்ற ஆளுங்க மாட்டணும்னு."

இத்தனை வருடமும் அது பழுதான குண்டு என்றே நினைத்திருந்தேன்.

"அந்த ஆளுங்க யாருன்னு அவருக்குத் தெரியுமா, கேளு."

கேட்டாள். "ஜப்பான்காரங்கன்னு சொல்றார்."

"நாங்கன்னு சொல்லு. உன் பாட்டி அதுலதான் போனான்னு சொல்லு."

கவிதா எழுந்தாள். ஆங்கிலத்தில் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்கும் அதுவரை நான் சொன்னதில்லை. அந்த மனிதர் மைக்கைக் கீழே வைத்தார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரையில் கடைசிப் படம். படைப்பிரிவில் இறந்தவர்களின் பெயர்கள், ஊரோடு, வயதோடு.

என் தரப்பில் இறந்தவர்கள்: அம்மா அஞ்சலை. தம்பி சின்னான், ஒன்றரை வயது. அம்மாவோடு கூடை தூக்கிய ஆறு பேர். அதில் மாரியாயி, வேலன், இந்த இரண்டு பெயர்கள்தான் தெரியும். மற்ற நால்வரையும் நான் அக்கா, மாமா என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.