வேலியோரத்து நாலு வரிசை

அவரு வரமாட்டாருங்க, டப்பாவ எங்கிட்டயே குடுங்க. பட்டுப்புழு ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்திருக்காரு. வேலிக்கு அந்தப் பக்கம் லாரில சாமான் ஏத்தறாங்கல்ல, அது அவரு தம்பி வீடு. தன் பங்குப் பாதி நெலத்த வித்துட்டு குடும்பத்தோட கெளம்பறாங்க. அது போற வரைக்கும் இவரு தலையக்கூட வெளிய நீட்டமாட்டாரு. கூடப் பொறந்தவன் போறான், மனுஷனுக்கு மனசா இல்ல கல்லா?

இருநூறு வண்டா? போதும் போதும். வெளக்கமெல்லாம் எனக்கு வேணாங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மாவுப்பூச்சியத் தின்னும், எலையத் தொடாது. வெயில் தாழ்ந்தப்புறம் விடணும். போன வருஷம் மல்பெரி நுனியெல்லாம் சுருண்டு வெள்ளையா அப்பிக் கெடந்தப்போ, உங்க பட்டு ஆபீஸ்லேருந்து இதே மாதிரி டப்பாவ மடியில வெச்சுக் கொண்டுவந்தாரு. பெத்த புள்ளைய அப்படித் தூக்கினதில்ல. ஒரு சொட்டு மருந்து இங்க விழக்கூடாதுன்னு என்னையும் தம்பியையும் நிக்கவெச்சு சொன்னாரு. தம்பி கத்திரிக்கு வாரம் தவறாம மருந்தடிக்கிற ஆளு. அண்ணன் சொன்னதுக்காக வேலியோரம் அடிக்கிறத அன்னைக்கே விட்டுட்டாரு.

குஞ்சப் பாத்துக் கொழம்பிடக்கூடாதா? ஆமாங்க, அதேதான் பிரச்சன. வண்டோட குஞ்சுப் புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா, பஞ்சு பஞ்சாத்தான் இருக்கும். அதவிடப் பெருசா வேற இருக்கும். மாவுப்பூச்சி உக்காந்த எடத்துலயே கெடக்கும், இது விறுவிறுன்னு நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தெரியாதவங்க பாத்தா, பூச்சி கொழுத்துப் பெருகிடுச்சுன்னு பதறிட மாட்டாங்களா? இத ஒரு வரி அந்த டப்பா மேல எழுதியிருந்தா உங்க ஆபீஸ் கொறஞ்சா போயிடும்?

உங்களச் சொல்லி என்ன பண்றது, விடுங்க. இவரு ரெண்டு நாள் வெளியூர் போயிட்டு வந்தாரு. வந்ததும் வராததுமா வேலியோரத்துல நாலு வரிசை எலைய வெட்டிப் பட்டுப்புழுவுக்குப் போட்டாரு. கூடு கட்டறதுக்கு நாலே நாள் இருந்த புழுங்க. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் பச்சையா கக்கி, முறுக்கி முறுக்கிச் செத்துச்சு. மருந்து வாசன நேரா வேலியத்தான் காட்டுச்சு. தம்பி ஓடிவந்து சத்தியம் பண்ணாரு. என் ஸ்ப்ரேயர் ஒரு மாசமா ரிப்பேர்ல கெடக்குண்ணா, கடையில வந்து பாருன்னு கையப் புடிச்சாரு. இவரு கைய உதறிட்டாரு. அதோட பேச்சு வார்த்த கெடையாது. தம்பி பொண்ணு கல்யாணத்துக்கும் போகல.

நானா? நான் என்னத்தப் பேச. அவரு கோவத்துல நிக்கிறப்போ குறுக்க யாரு பேசறது? பத்து நாள்ல ஆறிடும்னு நெனச்சேன். பத்து மாசமாச்சு. அப்புறம் சொல்றதுக்கு வழியே இல்லாம போயிடுச்சு.

அவரு ஊர்ல இல்லாத அந்த ரெண்டு நாள்ல மருந்து அடிச்சது நான்தாங்க. பெரிய பெரிய வெள்ளப் புழுவப் பாத்தேன், பயந்துட்டேன், கடைக்கு ஓடினேன். மருந்து வீரியம் போற வரைக்கும் அந்த வரிசைய பதினஞ்சு நாள் வெட்டவிடாம பாத்துக்கலாம்னு இருந்தேன். நான் பாக்கறப்போ எல புழுத் தட்டுல கெடந்துச்சு.

இப்பப் போய் சொன்னாலும் லாரி நின்னுடும். தெரியுது. வாய் வரமாட்டேங்குது.

கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க.